டிரைவர் வராத ராத்திரி!

மாதா மாதம் 11-ம் தேதி ராத்திரி எனக்குக் காய்ச்சல் வரும். தெர்மாமீட்டரில் தெரியாது. இது ஜி.எஸ்.டி. காய்ச்சல்.

நான் பி.காம். பட்டதாரி. பத்திரிகைகளுக்கு எழுதி வருகிற சன்மானம் பாலுக்கும் கேஸுக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஆகவே தெரிந்தவர்கள் இரண்டு பேருக்குக் கணக்கு எழுதி, ரிட்டர்ன் போட்டுக் கொடுத்து மிச்ச மாதத்தை ஓட்டுகிறேன். அந்த இருவரில் ஒருவர் அண்ணாச்சி. தாம்பரத்துக்கு அந்தண்டை அட்டைப்பெட்டி செய்கிறார். நாலு தொழிலாளிகள், பின் அடிக்கிற மெஷின் ஒன்று, அண்ணாச்சியின் குரல். இதுதான் ஃபேக்டரி.

அண்ணாச்சியிடம் பெட்டி வாங்குகிறவர்களில் கொஞ்சம் பெரிய கம்பெனி ஒன்று உண்டு. 'உங்கள் பில் எங்கள் 2பி-யில் வராவிட்டால் பேமென்ட் கிடையாது' என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஜி.எஸ்.டி.யிலிருந்து ஆண்டவன் காப்பாற்றி வைத்திருக்கிற வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். மாதா மாதம் ரிட்டர்ன் போடுகிறவர், தான் விற்ற பில்களை ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற படிவத்தில் மறு மாதம் 11-ம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டால் 14-ம் தேதி அது வாங்கியவருடைய 2பி பட்டியலில் தானாகப் போய் உட்காரும். அதை வைத்துத்தான் அவர் வரியைக் கழித்துக்கொள்ள முடியும். 12-ம் தேதி ஏற்றினால் தலையை வாங்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பில் அடுத்த மாதப் பட்டியலுக்குப் போய்விடும். ஒரு மாதம்தானே, என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் அந்த நாலு தொழிலாளிகளிடம் போய்க் கேட்கலாம்.

இந்த நிலைமையில்தான், ஒரு மாதம் 9-ம் தேதி காலை, என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் 'கடக்... கடக்' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு உயிரை விட்டது.

நல்லவேளை, கணக்கையெல்லாம் பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். (என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே முன்ஜாக்கிரதை. கல்யாணத்துக்கு முன் கூட இப்படி எதுவும் செய்யவில்லை.) கடையில் கொடுத்து, எஸ்.எஸ்.டி. போட்டு, புதுசாக விண்டோஸ் 11 ஏற்றி, 11-ம் தேதி மத்தியானம் கடைப் பையன் டி.வி.எஸ். 50-யில் கொண்டு வந்து மாடி அறையில் வைத்தான்.

"கடைல லேன் ஒயர் போட்டு செக் பண்ணிட்டோம் ஸார். நெட்டு பறக்குது" என்று சொல்லிவிட்டு அவனும் பறந்துவிட்டான்.

எங்கள் வீட்டில் ரௌட்டர் கீழே ஹாலில். கம்ப்யூட்டர் மாடியில். நடுவே ஒயர் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் ரிச்சி தெருவில் வாங்கிய, சுண்டுவிரல் நகம் சைஸில் உள்ள ஒரு வைஃபை டாங்கிள்தான் இரண்டுக்கும் பாலம். அதைச் செருகினேன். திரையின் வலது மூலையில் ஒரு பூகோள உருண்டை தெரிந்தது. அதன் மேல் ஒரு தடை முத்திரை. வைஃபை என்ற வார்த்தையே மெஷினில் எங்கும் இல்லை.

இந்த மாதிரி சமயத்தில் நம் ஜனங்கள் வழக்கமாகச் செய்கிற சடங்குகள் எல்லாவற்றையும் நானும் செய்தேன். டாங்கிளைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி செருகினேன். வேறு ஓட்டையில் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியாகக் கீழே போய் ரௌட்டரை அணைத்தேன். யூடியூபில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை வேலை செய்துகொண்டிருந்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. ரௌட்டர் நிரபராதி. வீட்டில் மற்ற போன்களில் நெட் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்திருந்தால் ஒரு குடும்பச் சண்டையைத் தவிர்த்திருக்கலாம்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். அவன் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். என்ன செய்கிறான் என்று அவனுக்கும் தெரியாது.

"இதுக்குப் போய் ஏன் மாமா டென்ஷன்? போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க."

"டேய், ஹாட்ஸ்பாட்டும் வைஃபைதானேடா? அதைப் பிடிக்கிறதுக்கு இங்கே ஆள் இல்லைங்கிறதுதானே பிரச்னை!"

"அட, ஆமால்ல!" என்றவன், "அப்ப டிரைவர் இல்லை மாமா" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஸ்டார்ட் பட்டனின் மேல் வலது க்ளிக் செய்தால் 'டிவைஸ் மேனேஜர்' என்று ஒன்று வரும். கம்ப்யூட்டரின் ரேஷன் கார்டு. குடும்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். அங்கே 'இதர சாதனங்கள்' என்ற தலைப்பில், மஞ்சள் முக்கோணத்தில் ஆச்சரியக்குறியுடன் ஓர் அநாதை நின்றிருந்தது. பெயர், '802.11 ஏசி என்ஐசி'. இந்த ஏசி குளிர்சாதனம் அல்ல. 2013-ல் முடிவான ஒரு வைஃபை தரத்தின் பெயர். என்ஐசி-யும் சர்க்கார் வெப்சைட் செய்கிறவர்கள் இல்லை, நெட்வொர்க் கார்டு. இரட்டை க்ளிக் செய்தால் கோட் 28 என்றது. டிரைவர் போடப்படவில்லை என்று அர்த்தம்.

டிரைவர் என்று பெயர் வைத்தவனைக் கண்டால் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அது எதையும் ஓட்டுவதில்லை. அது துபாஷி வேலை செய்கிறது! வெள்ளைக்காரன் காலத்தில் துரைக்கும் நம் வியாபாரிக்கும் நடுவே நின்று, இந்தப் பாஷையை அந்தப் பாஷையாக்கிச் சொன்னவர்கள் துபாஷிகள். புதுச்சேரியில் கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கம் பிள்ளை 1736-ல் ஆரம்பித்து 1761 வரை டயரி வேறு எழுதி வைத்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் துரை பேசுவது ஊருக்குப் புரியாது, ஊர் பேசுவது துரைக்குப் புரியாது. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். 'இந்தக் கடிதத்தை அனுப்பு' என்கிறார் விண்டோஸ் துரை. டாங்கிளில் இருக்கிற சிப்புக்குத் தன் சொந்தக் கொச்சை பாஷை மட்டுமே தெரியும். நடுவே துபாஷி வேண்டும். என் துபாஷி மூன்று வருஷமாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் குடியிருந்தார். டிஸ்க்கோடு அவரும் உடன்கட்டை ஏறிவிட்டார்.

'புது டிரைவரைத் தேடு' என்ற பட்டனை அழுத்தினேன். இன்டர்நெட் இணைப்பு தேவை என்று பதில் வந்தது. டிரைவர் வந்தால்தான் நெட் வரும், நெட் வந்தால்தான் டிரைவர் வரும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று எங்கள் பாட்டி சொல்வாள். அவள் கம்ப்யூட்டரையே பார்த்ததில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு அண்ணாச்சி போன்.

"என்ன தம்பி, ஏத்தியாச்சா?"

"இல்லை அண்ணாச்சி, டிரைவர் வரலை..."

"வரலியா? நம்ம குட்டியானைக்காரன அனுப்பட்டா? சும்மாதான் நிக்கான்."

"வேண்டாம் அண்ணாச்சி, நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டேன். துபாஷி சமாசாரத்தை விளக்க அது நேரமில்லை.

டாங்கிள் வாங்கின டப்பாவை என் மனைவி பத்திரமாக வைத்திருந்தாள். (அவள் எந்த டப்பாவையும் தூக்கிப் போட்டதில்லை.) அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி சி.டி. இருந்தது. ஆஹா என்று எடுத்தேன். புது கம்ப்யூட்டர் கேபினெட் எதிலாவது சி.டி. போடுகிற இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு கிழட்டு கம்ப்யூட்டர் உண்டு. அதில் போட்டு, சி.டி.யைப் பென் டிரைவுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கேயே ரிட்டர்னையும் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என்னை நம்பிக் கொடுத்த அண்ணாச்சியின் பாஸ்வேர்டை, ஊரே பிரிண்ட் எடுக்கிற மெஷினில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை. போன் திரையில் நாற்பத்தாறு பில் அடிக்க என் கண்ணுக்கும் தெம்பு இல்லை.

வீட்டுக்கு வந்து பென் டிரைவைத் திறந்தால், ஏழெட்டு ஃபோல்டர்கள். ஒவ்வொன்றுக்கும் பஸ் நம்பர் மாதிரி ஒரு நம்பர். ஒரே சி.டி.யை அச்சடித்து எல்லா டப்பாவிலும் போட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. டப்பாவின் மேல் அச்சடித்திருந்த பெயரைப் பார்த்து, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போன ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தேன். 'இது பொருந்தாது போலிருக்கிறதே' என்று விண்டோஸ் எச்சரித்தது. கேட்டேனா? 'பரவாயில்லை, போடு' என்று அமுக்கினேன். இப்போது கோட் 28 மறைந்து கோட் 10 வந்தது. 'இந்தச் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை.' துபாஷி வந்துவிட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்தது வேறு ஏதோ தேசத்துப் பாஷை.

ஒன்பது மணி. ஒன்பதரை. "ஏங்க, சாப்பாடு ஆறுது" என்றாள் மனைவி. எனக்கும் ஆறிக்கொண்டிருந்தது, வயிற்றில் அல்ல.

பத்து மணி சுமாருக்குப் போனில் சார்ஜ் ஆறு சதவீதத்துக்கு வந்தது. சாயங்காலம் முதல் அதில்தான் வைத்தியம் தேடிக்கொண்டிருந்தேன். சார்ஜர் கீழே. மாமியாரைத் தாண்டிப் போகத் தைரியம் இல்லை. மேஜையில் கிடந்த ஒயரால் போனைக் கம்ப்யூட்டரிலேயே செருகினேன், சார்ஜாவது ஏறட்டும் என்று.

'டொடிங்' என்றது கம்ப்யூட்டர். போனில் ஒரு கேள்வி வந்தது. சார்ஜ் மட்டும் போதுமா? ஃபைல் மாற்ற வேண்டுமா? யு.எஸ்.பி. டெதரிங்?

டெதரிங் என்றால் மாட்டைக் கயிற்றில் கட்டுவது. கட்டித்தான் பார்ப்போமே என்று அதைத் தொட்டேன்.

மூலையில் இருந்த பூகோள உருண்டை மறைந்து, குட்டியாக ஒரு டி.வி. பெட்டி மாதிரி படம் வந்தது. நெட்!

நடந்தது இதுதான். ஒயரில் கட்டப்பட்ட ஆண்ட்ராய்டு போன், 'நான் ஒரு நெட்வொர்க் கார்டு' என்று கம்ப்யூட்டரிடம் வேஷம் போடுகிறது. அந்த வேஷத்துக்கு வேண்டிய துபாஷியை விண்டோஸ் தன் கூடவே வைத்திருக்கிறது. நாம் எதையும் போட வேண்டாம். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அதையே ஒயர் வழியாகக் கொடுத்துவிடும், டேட்டா பேக்கும் கரையாது. (ஐபோன் வைத்திருக்கிற கனவான்களுக்கு ஆப்பிளின் டிரைவர் தனியாக வேண்டும். அவர்களுக்கு எதிலும் தனி வரிசைதான்.) மத்தியானம் இரண்டு மணிக்கு இந்த ஒயரைச் செருகியிருந்தால் மாமியார் சீரியல் பார்த்திருப்பார், நான் சாப்பிட்டிருப்பேன்.

டாங்கிள் எக்கேடு கெட்டுப் போகட்டும் என்று ரிட்டர்னில் இறங்கினேன். நாற்பத்தாறு பில்லையும் ஏற்றி, சரிபார்த்து முடிக்கும்போது மணி பதினொன்றேகால். இனி ஓ.டி.பி. அது அண்ணாச்சியின் போனுக்குத்தான் போகும். அண்ணாச்சி ஒன்பது மணிக்குப் படுக்கிறவர்.

இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை மதினி எடுத்தார். விஷயத்தைச் சொல்லி அண்ணாச்சியை எழுப்பியாயிற்று.

"அண்ணாச்சி, ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதில இருக்கிற நம்பரைப் படிங்க."

"இருக்கு தம்பி. அஞ்சு... சைபர் சைபர் சைபர் சைபர் சைபர்."

அடித்தேன். தப்பு என்றது.

"அண்ணாச்சி, முழுசாப் படிங்க. என்ன போட்டிருக்கு?"

"அஞ்சு லெச்சம் வரைக்கும் உடனடி லோனு, வட்டி..."

"அது இல்லை அண்ணாச்சி! அதுக்கு மேல ஒண்ணு இருக்கும் பாருங்க!"

மேலே இருந்தது. ஆறு நம்பரும் சரியாக விழுந்தன. திரையில் ஏ.ஆர்.என். என்ற அந்தப் பதினைந்து எழுத்து ரசீது நம்பர் வந்தபோது மணி 11.38. அண்ணாச்சிக்குச் சொன்னேன். "டிரைவர் வந்துட்டானா?" என்று கேட்டார். "வந்தாச்சு அண்ணாச்சி, தூங்குங்க" என்றேன். இருபத்திரண்டு நிமிஷம் மிச்சம். ஆறின சாம்பார் சாதத்துக்கு அவ்வளவு ருசி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில், கத்தி கழுத்தில் இல்லாத நிதானத்தில், டாங்கிளைக் கவனித்தேன். முதலில் தப்பான துபாஷியை வெளியேற்ற வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அதன் மேல் வலது க்ளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' என்றால், டிரைவரையும் சேர்த்து நீக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் வருகிறது. அதில் டிக் அடிக்க வேண்டும். டிக் அடிக்காவிட்டால் அவர் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிடுவார்.

அப்புறம் நான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியம். 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டீட்டெயில்ஸ்' என்ற பக்கத்தில், 'ஹார்ட்வேர் ஐடி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நீள எண் வருகிறது. டப்பாவின் மேல் இருப்பது கல்யாணப் பத்திரிகை. இது ஜாதகம். வி-ஐ-டி என்பதற்குப் பின்னால் வருகிற நாலு எழுத்து, சிப்பைச் செய்தவர் யார் என்று சொல்லும். பி-ஐ-டி-க்குப் பின்னால் வருவது அது என்ன மாடல் என்று சொல்லும். என்னுடையதில் வி-ஐ-டி பூஜ்யம்-பி-டி-ஏ, பி-ஐ-டி சி-811 என்றிருந்தது. அதை அப்படியே கூகிளில் அடித்தேன். ரியல்டெக் கம்பெனியின் 8811-சியூ என்று வந்தது. டப்பாவில் இருந்த பெயருக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூட இல்லை.

ரியல்டெக் 1987-ல் தைவானில் ஸின்ச்சு என்ற ஊரில் ஆரம்பித்த கம்பெனி. அவர்கள் முத்திரை ஒரு நண்டு. ஊர் பேர் தெரியாத டாங்கிள்களை உடைத்துப் பார்த்தால் பல சமயம் உள்ளே ஒரு நண்டு உட்கார்ந்திருக்கும். டப்பாவுக்கு ஒருவர் பெயர் வைப்பார், பிளாஸ்டிக்கை ஒருவர் வார்ப்பார், சிப் இன்னொருவருடையது. ஆகவே டிரைவர் தேடும்போது டப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினால் என் கதிதான். சிப்பின் பெயரைப் போட வேண்டும். அதிலும் ஒரு கண்டம் உண்டு. 'உங்கள் எல்லா டிரைவர்களையும் நாங்களே தேடித் தருகிறோம், இலவசம்!' என்று சில புரோக்ராம்கள் பல்லிளிக்கும். தொடாதீர்கள். ஒரு டிரைவர் கேட்டால் நாலு விளம்பரத்தையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

எனக்கு அந்தத் தேடலே தேவைப்படவில்லை. போன் ஒயரில் நெட் இருந்ததால், விண்டோஸ் அப்டேட்டில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்', அதற்கும் உள்ளே டிரைவர் பட்டியல் என்று வெங்காயம் உரிக்கிற மாதிரி போனால், ரியல்டெக் டிரைவர் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. டிக் செய்தேன். இரண்டு நிமிஷம். பூகோள உருண்டை மறைந்து விசிறி மாதிரி வைஃபை படம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களின் நெட்வொர்க் பெயர்கள் கூடத் தெரிந்தன. (ஒருவர் 'பாஸ்வேர்டு கேட்காதே' என்றே பெயர் வைத்திருக்கிறார்.)

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மத்தியானத்திலிருந்து நெட் வருவதும் போவதுமாக இருந்தது. காபி குடித்துவிட்டு வந்தால் நெட் இருக்காது. காரணம் சிக்கனம்! டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், கரண்டை மிச்சம் பிடிப்பதற்காக இந்தச் சாதனத்தைக் கம்ப்யூட்டர் அணைத்துக்கொள்ளலாம் என்று ஒரு டிக் இருந்தது. லேப்டாப்புக்கு அது நியாயம். சுவரில் செருகியிருக்கிற டெஸ்க்டாப்புக்கு எதற்கு? எடுத்துவிட்டேன். பாதி சரியாயிற்று.

மீதிப் பாதிதான் எனக்கு ஆச்சரியம். டாங்கிளைக் கேபினெட்டின் பின்பக்கம், நீலக் கலர் யு.எஸ்.பி. 3.0 ஓட்டையில் செருகியிருந்தேன். பக்கத்து ஓட்டையில், பேக்கப் எடுக்க வாங்கிய புது ஹார்ட் டிஸ்க். அதில் காப்பி ஓடும்போதெல்லாம் வைஃபை சுருண்டது. இதை 2012-லேயே இன்டெல் கம்பெனி அறிக்கை போட்டு விளக்கியிருக்கிறது. யு.எஸ்.பி. 3.0-வில் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ரேடியோ இரைச்சல் கிளம்புகிறது. வைஃபையின் பாதி வாழ்க்கை அந்த அலைவரிசையில்தான். பக்கத்து ஸீட்டுக்காரர் சத்தமாகப் போன் பேசும்போது நாம் மேனேஜர் சொல்வதைக் கேட்க முடியாதது போல. போதாக்குறைக்கு 2.4-ஐ இந்தியாவில் 2005-லிருந்து குறைந்த பவரில் யாரும் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்பதால், ப்ளூடூத், மைக்ரோவேவ் அவன், அக்கம்பக்கத்து ரௌட்டர் எல்லாமே அங்கே ரங்கநாதன் தெரு மாதிரி இடித்துக்கொண்டு நிற்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறலாம். ஆனால் அந்த அலை சுவரைக் கண்டால் சீக்கிரம் களைத்துவிடும், எனக்கோ நடுவில் ஒரு கான்கிரீட் தளம்.

நூறு ரூபாய்க்கு ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி, டாங்கிளை அதன் நுனியில் மாட்டி, ஜன்னல் கம்பியில் திருஷ்டிப் பொம்மை மாதிரி தொங்கவிட்டேன். அன்றிலிருந்து நெட் அறுபடவில்லை. "அதுக்கு ஒரு எலுமிச்சம்பழமும் கட்டிடலாங்க" என்றாள் மனைவி. ரியல்டெக் டிரைவரைப் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, டப்பா மேலேயே சிப் பெயரை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். டப்பாக்கள் இலாகா அவளுடையது.

14-ம் தேதி 2பி வந்தது. கம்பெனி அடுத்த வாரம் பணம் போட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி நேரிலேயே வந்துவிட்டார், கையில் ஊரிலிருந்து வந்த மஸ்கோத் அல்வாவோடு. மாடிக்கு வந்து, ஜன்னலில் தொங்குகிற டாங்கிளை ஒரு தினுசாகப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காபி குடித்துவிட்டு எனக்குச் சேர வேண்டிய ஃபீஸை எண்ணி வைத்தார். அப்புறம் தனியாக இருநூறு ரூபாயை எடுத்து என் சட்டைப் பையில் செருகினார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"ஒங்களுக்கு இல்ல தம்பி. அந்த டிரைவர் பயலுக்குக் குடுத்துருங்க. பாவம், ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாம்லா!"